வேலி போட முடியாத சரணாலயம்

1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, அரிச்சல்முனையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவதுதான் தனுஷ்கோடிப் பயணம் என்று ஆகிவிட்டது. சுற்றிலும் இருப்பது வனவுயிர்ச் சட்டம் காக்கும் பகுதி என்பது பலருக்கு உறைப்பதில்லை. தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர், 2025 ஜூனில் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றையொட்டிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா.

இங்கே வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் ஆபத்து தண்ணீர்தான். பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்பார்கள் இங்குள்ள மீனவர்கள். அதை நம்பிப் பெண்கடலில் தைரியமாக இறங்குகிறவர்கள் வாடைக்காற்று மாதங்களை மறந்துவிடுகிறார்கள். அப்போது சீறுவது அந்தக் கடல்தான். இரண்டும் சேரும் அரிச்சல்முனையில் குளிக்கவே தடை. எச்சரிக்கைப் பலகையின் அருகிலேயே செல்ஃபிக்காக இடுப்பளவு நீரில் நிற்பவர்களை என்ன சொல்ல? நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்டக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு தளர்ந்ததும் கரை சேர வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர் பின்னாலேயே குதிக்காமல் கயிறு, காலி கேன் என்று ஏதாவது எறியலாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.

அடுத்தது கைப்பையில் வரும் ஆபத்து. கடைகளில் விற்கும் எல்லாச் சங்கும் குற்றப் பொருளல்ல. ஆனால் பவளப்பாறைத் துண்டும் காய்ந்த கடல்குதிரையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை. ‘கரையில ஒதுங்கினதுதான் சார்’ என்பார் விற்பவர். ஒதுங்கியதை வைத்திருப்பதும் குற்றமே: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. எது அனுமதிக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள். வாங்குவதானால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ‘தீவுக்குக் கூட்டிப் போறேன்’ என்று யாராவது தனிப் படகுக்கு அழைத்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அனுமதியின்றிப் பூங்காத் தீவில் கால் வைப்பது சட்டமீறல். குருசடைத் தீவைப் பார்க்க ஆசையென்றால் பாம்பனை அடுத்த குந்துகாலில் வனத்துறையிடம் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள்.

பண விஷயம் சின்னதுதான், ஆனாலும் எரிச்சலூட்டுவது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-லேயே திறக்கப்பட்டுவிட்டது. மணலில் ஜீப்பில்தான் போக வேண்டும் என்று யாராவது கதை விட்டால் நம்ப வேண்டாம். ஆட்டோ, வேன் வாடகையையும், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதையும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வறுத்த மீனுக்கும் விலை கேட்ட பிறகே தட்டை வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். இதற்காக மறுபடி ராமநாதபுரத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.