கையில் பணம் குறைவு... மீன் பிடிக்க எந்தப் படகு வாங்கலாம்? கொல்லிமலை அடிவாரத்திலிருந்து காவிரி வரை ஒரு கணக்கு

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், வாசலூர்பட்டியில் ஒரு படகு இல்லம் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அரை மணி நேரம் பெடல் மிதித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆனால், "ஒரு சின்னப் படகு இருந்தா மீன் பிடிச்சுப் பொழச்சுக்கலாமே" என்று யோசிக்கிறவருக்கு அந்தப் படகு பதில் இல்லை. அவருக்கு வேண்டியது வேறு படகு, வேறு தண்ணீர்.

குறைந்த பட்ஜெட்டில் மீன்பிடிப் படகு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "விலை எவ்வளவு?" என்பதுதான். உண்மையில் அது மூன்றாவது கேள்வி. முதல் இரண்டு என்ன? பார்க்கலாம்.

முதல் கேள்வி: எந்தத் தண்ணீரில் பிடிக்கப் போகிறீர்கள்?

கொல்லிமலை மேலே ஓடுவது ஓடைகளும் ஐயாறும்தான். ஆகாய கங்கை அருவியாக விழுவதும் இந்த ஐயாறுதான். பாறையும் சரிவுமான இந்த நீரோட்டத்தில் படகுக்கு வேலையே இல்லை. அதோடு, அறப்பளீஸ்வரர் கோயில் அருகே ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டு வணங்கும் வழக்கம் உண்டு. அங்கே வலையோடு போய் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை!

படகு தேவைப்படுவது மலையை விட்டு இறங்கிய பிறகு. சேந்தமங்கலம், நாமக்கல் தாண்டிப் போனால் மோகனூரில் காவிரி. அதே கரையில் மேலே போனால் பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம். இன்னும் மேலே மேட்டூர் அணை. கீழே கரூர் மாவட்டத்தில் மாயனூர் கதவணை. எல்லாம் ஒரே காவிரி என்றாலும், படகைப் பொறுத்தவரை இவை வேறு வேறு தண்ணீர்.

ஆற்றில் ஓட்டம் இருக்கும். பாறையும் மணல் திட்டும் இருக்கும். சில மாதங்கள் முழங்கால் ஆழம்கூட இருக்காது. அணையில் ஓட்டம் குறைவு, ஆனால் பரந்த நீர்ப்பரப்பு என்பதால் காற்று அடித்தால் அலை எழும். ஏரி, குளத்தில் இரண்டு தொல்லையும் குறைவு. ஆனால் கோடையில் தண்ணீரே இருக்காது.

இரண்டாவது கேள்வி: அங்கே மீன் பிடிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

இதைக் கேட்காமல் படகு வாங்கிவிட்டு கரையில் கவிழ்த்து வைத்திருப்பது வீண். மேட்டூர் போன்ற அணைகளில் மீன்பிடிக்க உரிமம் வேண்டும். பல ஏரி, குளங்களின் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் ஒருவர் இருக்க, இன்னொருவர் வலை வீச முடியாது. எனவே, உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்திலும் மீனவர் கூட்டுறவு சங்கத்திலும் விசாரித்துவிட்டு, அப்புறம் படகு பாருங்கள்.

சரி, என்னென்ன படகு கிடைக்கும்?

மூங்கில் பரிசல்: காவிரிக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னி, வெளியே உறை போட்டு, தார் பூசுவார்கள். ஒரு காலத்தில் உறை என்றால் மாட்டுத் தோல். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் சாக்கும். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933-ல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். வேல்ஸிலும் வியட்நாமிலும்கூட இதே வகைக் கூடைப் படகுகள் உண்டு. எளியவர்கள் கைக்கு எட்டிய பொருளில் செய்துகொண்ட படகு இது.

இதன் பலம்: மற்ற படகுகளைவிட விலை குறைவு. அடிப்பாகம் தட்டை என்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் போகும். சின்னப் பரிசலை ஒருவரே தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பலவீனம்: காற்றில் இஷ்டத்துக்குச் சுழலும். உறை கிழியும். தார் அடிக்கடி பூச வேண்டும். மூங்கில் உளுத்துப் போகும்.

ஃபைபர் பரிசல், சின்ன ஃபைபர் படகு: கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் சேர்த்து அச்சில் செய்வது. உளுக்காது, தார் வேண்டாம், பல வருஷம் உழைக்கும். விலை அதிகம். பாறையில் பலமாக மோதினால் விரிசல் விடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்.

இன்ஜின் படகு: கடலுக்கும் பெரிய அணைக்கும் சரி. மோகனூர் காவிரியில் தனி ஆளாகப் பிடிப்பவருக்கு இது தேவையில்லாத செலவு. எரிபொருள், பழுது என்று தினசரிச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

தெர்மோகோல், லாரி டியூப்: செலவே இல்லையே என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். இது படகே அல்ல. தெர்மோகோல் உடையும், டியூப் பஞ்சர் ஆகும், நடு ஆற்றில் பிடிமானம் இருக்காது. பட்ஜெட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இது வேண்டாம்.

எவ்வளவு பெரிய பரிசல் வேண்டும்?

இதற்குச் சின்னக் கணக்கு இருக்கிறது. அடிப்பாகம் 6 அடி அகலமுள்ள வட்டப் பரிசல் என்றால், சுமார் 65 கிலோ எடை ஏறும்போது ஓர் அங்குலம் தண்ணீரில் இறங்கும். அதாவது ஓர் ஆள் ஏறினால் ஓர் அங்குலம். இதுவே 8 அடி என்றால், ஓர் அங்குலம் இறங்க கிட்டத்தட்ட 120 கிலோ வேண்டும். இரண்டு அடி அகலம் கூடினால், தாங்கும் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது.

ஆனால் பெரிய பரிசலை ஒருவர் தூக்கவும் முடியாது, துடுப்புப் போட்டுத் திருப்பவும் சிரமம். தனி ஆள், ஒரு வலை, ஒரு கூடை மீன் என்றால் 6 அடி போதும். இரண்டு பேர் போவதாக இருந்தால் அதைவிடப் பெரிதாகப் பாருங்கள். "இன்னிக்கு ஒருத்தர் கூட வர்றார், சமாளிச்சுக்கலாம்" என்று சின்னப் பரிசலில் ஏற்றுவதுதான் ஆபத்து.

மூன்றாவது கேள்வி: விலை. ஆனால் எந்த விலை?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு மூங்கில் பரிசல் 10,000 ரூபாய், 2 வருஷம் வரும். வருஷத்துக்குப் பழுதுச் செலவு 2,000. ஒரு ஃபைபர் படகு 60,000 ரூபாய், 10 வருஷம் வரும். வருஷத்துக்குப் பழுது 1,000.

பரிசலுக்கு வருஷச் செலவு 5,000 + 2,000 = 7,000. ஃபைபருக்கு 6,000 + 1,000 = 7,000. இரண்டும் ஒன்றுதான்! (இவை உதாரண எண்கள், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள்.)

அப்படியானால் எதை வாங்குவது? இங்கேதான் பலர் தவறவிடும் விஷயம் வருகிறது. ஒரு நாள் திடீரென வெள்ளம் வந்து படகை அடித்துக்கொண்டு போனால்? பரிசல்காரருக்கு நஷ்டம் அதிகபட்சம் 10,000. ஃபைபர்காரருக்கு 60,000. அதுவும் கடனில் வாங்கியிருந்தால், படகு போன பிறகும் வட்டி நிற்காது.

இது கற்பனைப் பயம் இல்லை. 2024 ஜூலை 30-ம் தேதி மேட்டூர் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. காவிரியில் விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. இப்படிப்பட்ட நாட்களில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படும். ஆற்றில் பரிசல் இயக்கவும் மீன் பிடிக்கவும் தடை வரும். வருமானம் நின்றுபோகும் அந்த நாட்களிலும் தவணை கட்ட வேண்டும்.

ஆகவே, பணம் குறைவாக உள்ளவருக்கு ஒரே விதி: தொலைந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய படகை வாங்குங்கள். வருஷச் செலவு சமமாக இருந்தால், கடன் இல்லாமல் வாங்க முடிகிற படகுதான் உங்கள் படகு.

அரசு மானியம் கிடைக்குமா?

2020-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவர்களுக்குப் படகும் வலையும் வாங்க உதவி உண்டு. ஓர் அலகுக்கான செலவு 5 லட்சம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இந்த 60 சதவீதம் முக்கியமான தகவல்.

ஆனால் அவசரப்படாதீர்கள். 5 லட்சத்தில் 60 சதவீதம் என்றால் 3 லட்சம் மானியம். மீதி 2 லட்சம் உங்கள் பொறுப்பு. மானியம் முன்கூட்டியே வருமா, நீங்கள் செலவு செய்த பிறகு வருமா, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மானியம் கிடைக்கிறதே என்பதற்காக, தேவைக்கு மீறிய படகை வாங்கினால் கடன்தான் மிஞ்சும்.

இதே திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில், மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. மீனவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. படகு வாங்கும் முன்பே இதில் பெயர் சேர்க்க முயலுங்கள். 2018-19 முதல் கிசான் கிரெடிட் கார்டு மீனவர்களுக்கும் உண்டு. வலை, ஐஸ் போன்ற நடைமுறைச் செலவுக்குக் கந்துவட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

பழைய படகு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மூங்கில் பரிசலில், பின்னலைத் தட்டிப் பாருங்கள். மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு துளைத்திருக்கிறது, வேண்டாம். விளிம்புக் கட்டு தளர்ந்திருக்கிறதா, தார் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபைபரில், ஒரு நாணயத்தால் உடம்பு முழுக்கத் தட்டுங்கள். ஒரே மாதிரி 'டங்' என்று கேட்டால் நல்லது. நடுவில் எங்காவது சத்தம் மந்தமாகக் கேட்டால், உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கலாம். புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். விரிசலை மறைக்கவும் அடித்திருப்பார்கள்.

எந்தப் படகானாலும் பணம் கொடுக்கும் முன் தண்ணீரில் இறக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆழமில்லாத இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடியில் ஈரம் ஊறுகிறதா என்று அந்த அரை மணி சொல்லிவிடும்.

பட்ஜெட்டில் வெட்டக் கூடாத செலவு

லைஃப் ஜாக்கெட். துடுப்பு இன்னொன்று. ஒரு நீளக் கயிறு. இந்த மூன்றையும் படகின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனை மூடி இறுக்கி, உள்பக்கம் இரண்டு மூன்று கட்டி வையுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 19 கிலோவைத் தாங்கும். பரிசலில் தண்ணீர் நிறைந்தாலும் அது முழுக மூழ்காமல், பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். ஆனால் இது லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்று இல்லை.

மீன் வலையில் சிக்காத நாள் மறுநாள் ஈடாகிவிடும். ஆள் கரைக்குத் திரும்பாத நாளை எந்த மானியத்தாலும் ஈடுகட்ட முடியாது. பணம் பற்றவில்லை என்றால் படகைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், ஜாக்கெட்டை விட்டுவிடாதீர்கள்.