மருந்தைச் சுமக்கும் மூச்சு

இன்ஹேலரை அழுத்தியதும் புகைபோல் கிளம்புவது மருந்துத் துகள்களின் கூட்டம். நுரையீரலுக்குள் அவற்றை ஏற்றிச் செல்வது நம் மூச்சு. எந்தத் துகள் எங்கே போய்ச் சேரும் என்பதைத் துகளின் அளவும் அந்த மூச்சின் வேகமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகி, சராசரியாக 23 முறை கிளைக்கிறது. கிளைகள் குறுகிக்கொண்டே போனாலும் எண்ணிக்கை பெருகுவதால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பாதை அகன்றுகொண்டே போகிறது. அதனால் தொண்டையில் விரைந்த காற்று, கடைசியில் உள்ள காற்று நுண்ணறைகளை நெருங்கும்போது அநேகமாக நின்றேவிடுகிறது.

வேகமாக வரும் லாரி வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதுவதுபோல, 5 மைக்ரானைவிடப் பெரிய துகள்களில் பெரும்பாலானவை தொண்டையிலேயே மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்வது இதனால்தான்; தங்கிய மருந்து வாயில் பூஞ்சைத் தொற்றை வரவழைக்கலாம். 1 முதல் 5 மைக்ரான் வரையிலான துகள்கள் ஆழம்வரை போகின்றன. அங்கே காற்று அசையாத நேரத்தில் மெல்லக் கீழிறங்கிப் படிகின்றன. மருந்தை இழுத்ததும் 10 விநாடி மூச்சை அடக்கச் சொல்வது அவை படிய அவகாசம் தரத்தான். உடனே மூச்சை விட்டால் படியாத துகள்கள் வெளியேறிவிடும்.

படிந்த துகள் முதலில் தொடுவது மூச்சுக்குழாயின் உட்சுவரைப் பூசியிருக்கும் மெல்லிய திரவப் படலத்தை. அதன் மேலடுக்கான சளியை நுண்மயிர்கள் ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படித் தள்ளப்படும் முன் கரைந்து திசுவுக்குள் புகும் மருந்துதான் வேலை செய்யும்.

அழுத்தும் வகை இன்ஹேலருக்கு மெதுவான, ஆழமான மூச்சு வேண்டும். விரைந்து இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் பொடி வகைக்கு நேர்மாறு: பலமாக, வேகமாக இழுத்தால்தான் பொடிக் கட்டிகள் உடைந்து நுண்துகளாகும். குழந்தைகளும் முதியவர்களும் அழுத்தும் வகைக்கு ஸ்பேசர் குழலைப் பொருத்திக்கொண்டால், அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டும் முன், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர் எதிரிலேயே ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். பல நேரங்களில் மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, மூச்சு இழுக்கும் முறையைத்தான்.