சேலம் போன மாப்ளே... ஸ்டேஷன் போன நாங்கள்!

"மச்சான், நாங்க இந்த மாசம் ஃபேமிலியோட சேலம் போறோம்!"

2024 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குப்பை கொட்டும் என் மச்சினன் போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"இப்ப எதுக்கு மாப்ளே? மாம்பழ சீசன் முடிஞ்சு போச்சே!"

"அய்யோ, அது உங்க சேலம். இது மாசசூசெட்ஸ் சேலம். சூனியக்காரி ஊரு! ஹாலோவீனுக்கு ஊரே பேய் வேஷம் போட்டுக்கிட்டு அலையும். காலையில போயிட்டு ராத்திரி திரும்பிடுவோம்."

விஷயம் இதுதான். 1692-ல் அந்த ஊரில் சில சின்னப் பெண்கள் கைகாலை இழுத்துக்கொண்டு கத்த, 'எவளோ சூனியம் வெச்சுட்டா' என்று கிளம்பினார்கள். கேஸ், கோர்ட், சாட்சி எல்லாம் நடந்தது. பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவரை மேலே பாறாங்கல் அடுக்கியே நசுக்கிக் கொன்றார்கள். அத்தனை பேரில் ஒருத்தர்கூட சூனியக்காரர் இல்லை. இன்றைக்கு அதே ஊரில் அக்டோபர் முழுக்கத் திருவிழா. கறுப்புத் தொப்பி, பூசணிக்காய், பாப்கார்ன்!

போனில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் எட்டு வயசு மகள் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நாமளும் பேய் ஊருக்குப் போலாம்ப்பா!"

அடுப்படியிலிருந்து அசரீரி: "அதான் மாசாமாசம் உங்க அத்தை வீட்டுக்குப் போறோமே, பத்தாதா?"

நான் பதில் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. எங்கே வாயை மூட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். போடி ஏலக்காய் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். அளந்துதான் பேசுவார்.

"பேய் ஊருதான வேணும்? டாப் ஸ்டேஷன் போவோம். ரயிலே இல்லாத ஸ்டேஷன். அதவிடப் பேய் ஊரு எங்க இருக்கு?"

செத்துப்போன ரயில்

சென்னை ஆபீஸ்காரர்கள் பலர் டாப் ஸ்டேஷனை மூணாறு டூரில் ஒரு 'வியூ பாயிண்ட்' என்று நினைத்து, போட்டோ எடுத்து, மக்காச்சோளம் கடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். 'மலை உச்சியில ஏது ஸ்டேஷன்?' என்று யாரும் கேட்பதில்லை.

இருந்தது சார்! 1902-ல் மூணாறிலிருந்து அங்கே வண்டிப்பாதை வெட்டினார்கள். அதன் மேல் ஒரே ஒரு தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும். சாய்ந்துவிடாமல் இருக்கப் பெரிய சக்கரம் ஒன்று ரோட்டில் உருளும். இழுத்தவை மாடுகள். (இதே ரக வண்டி பட்டியாலாவிலும் ஓடியது. அதை டெல்லி ரயில் மியூசியத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.) 1908-ல் அதை எடுத்துவிட்டு, ரெண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயிலே விட்டார்கள். குண்டளா பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர்.

தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அதற்கப்புறம் மலை செங்குத்து. அங்கிருந்து ரோப்வே! ஐந்து கிலோமீட்டர் அந்தரத்தில் தொங்கியபடி எங்கள் கொட்டக்குடிக்கு இறங்கும். மேலே இருப்பது டாப் ஸ்டேஷன் என்றால் கீழே இருப்பது? பாட்டம் ஸ்டேஷன்! அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடி. அப்புறம் கப்பலேறிச் சீமைக்கு. அந்த மாட்டு வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பாவின் தாத்தா. இது எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட கதை.

1924 ஜூலையில் மலையில் பேய்மழை. கேரளாவில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். அவர்கள் கணக்கில் அது 1099-ம் வருஷம். ரயில், தண்டவாளம், பாலம் எல்லாம் போயே போச்சு. திரும்பக் கட்டவே இல்லை. பெயர் மட்டும் மலை மேல் நின்றுவிட்டது.

"இந்த வருஷத்தோட சரியா நூறு வருஷம்டா. நானும் இதுவரை மேல போய்ப் பார்த்ததில்ல. முட்டி இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்குமோ..." என்றார் அப்பா.

முடிந்தது. டூர் சாங்ஷன்!

பட்ஜெட் மீட்டிங்

பி.காம். படித்த பாவத்துக்கு பட்ஜெட் என் தலையில். அந்த வருஷம் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாள், அக்டோபர் 31. அங்கே பேய்க்குக் கொண்டாட்டம், இங்கே நரகாசுரனுக்குத் திண்டாட்டம்! சனிக்கிழமை கிளம்புவது என்று முடிவாயிற்று. வேன் வாடகை, இட்லி, புளியோதரை, அம்மாவுக்கு இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பற்றுப் பக்கம் ரொம்பி வழிந்தது. வரவுப் பக்கத்தில் என் சம்பளம் தனியாக நின்று அழுதது.

இன்னொரு வேடிக்கை. டாப் ஸ்டேஷன் கொட்டக்குடி பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அதாவது எங்கள் தேனி மாவட்டம்! குரங்கணியில் நின்று அண்ணாந்தால் அந்த மலைமுகடுதான். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, பூப்பாறை, மூணாறு, மாட்டுப்பெட்டி, குண்டளா என்று கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். சொந்த வீட்டு மாடிக்கு அடுத்த வீட்டு ஏணியில் ஏறுகிற கதை!

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ரயிலில் வந்திருந்த என் அக்கா மகன் சிரித்தான். இருபத்து நாலு வயசு. சாஃப்ட்வேர் கம்பெனி.

"எதுக்கு மாமா இவ்வளவு சுத்து? நீங்க வேன்ல வாங்க. நானும் என் ஃப்ரெண்ட்ஸும் குரங்கணியில இருந்து நேரா ஏறி வந்துடறோம். பாதை போன்லயே இருக்கு. யாரையும் கேட்க வேணாம்."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். வைத்த விதமே சரியில்லை.

"2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. நீ அப்ப பள்ளிக்கூடம். நான் அன்னிக்கு ராத்திரி போடி பெரியாஸ்பத்திரி வாசல்ல நின்னேன்" என்றார்.

உங்களுக்கும் நினைவிருக்கும். சென்னையிலிருந்து ஒரு கோஷ்டி, ஈரோடு - திருப்பூர் பக்கமிருந்து ஒரு கோஷ்டி. முதல் நாள் கொழுக்குமலை ஏறி, மறுநாள் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுயரக் காய்ந்த புல். தீ பிடித்தது. மலையில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. இருபத்து மூன்று பேர் போய்விட்டார்கள். முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஜனங்கள். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். அந்தப் பாதைக்கு அனுமதி வாங்கவில்லை என்று பிற்பாடு வனத்துறை சொன்னது. போனவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூட்டிப் போனவர்களை நம்பிப் போனவர்கள் அவர்கள்.

"ஜீப்புல வந்து இறக்குனாங்க. எல்லாம் உன் வயசு, இல்ல ரெண்டு மூணு கூட. ஆபீஸ் லீவுக்கு மலை பார்க்க வந்த புள்ளைங்க. ஒரு பொண்ணு 'அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றார் அப்பா. அதற்கு மேல் பேசவில்லை.

மருமகன் போனை எடுத்து நண்பர்களுக்கு ஏதோ தட்டினான். "நானும் வேன்லயே வரேன் தாத்தா."

பனிக்குள்ளே ஒரு ஸ்டேஷன்

காலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். முந்தல் தாண்டும்போதே ஏலத்தோட்ட ஜீப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஐப்பசி என்றால் காய் எடுப்புக் காலம். தூக்குச்சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நமக்கு டூர், அவர்களுக்கு டூட்டி! போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு என்றாள் மகள். பதினெட்டு என்றான் மருமகன். "எண்ணுறவங்க எண்ணுங்க, நான் ஓட்டுறேன்" என்றார் டிரைவர். அம்மா ஏழாவதிலிருந்தே கண்ணைத் திறக்கவில்லை.

மூணாறில் பண்டிகைக் கூட்டம் முழிப்பதற்குள் தாண்டி, ஒன்பதரைக்கு டாப் ஸ்டேஷன் சேர்ந்தோம். பார்த்தால்... ஒன்றுமே இல்லை! பஞ்சு மாதிரிப் பனி. எதிரே நிற்கும் மனைவி தெரியவில்லை. (ரசித்தேன் என்று எழுதினால் வீட்டில் சோறு கிடையாது.)

"பேய் எங்க தாத்தா?" என்றாள் மகள்.

அப்பா கம்பி வேலியைப் பிடித்தபடி பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால் மணி நேரம் இருக்கும். காற்று திரும்பியது. திரை விலகியது மாதிரி கீழே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் எங்கள் சமவெளி.

"அந்தா... அங்கதான் கொட்டக்குடி. இங்க இருந்து அங்க வரைக்கும் கம்பி. கம்பியில பெட்டி. கீழ எங்க தாத்தா வண்டியோட நிப்பாரு."

"கம்பி எங்க?"

"இல்ல."

"ரயிலு?"

"இல்ல."

"உங்க தாத்தா?"

"இல்லம்மா."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப பேய் ஊருதான்" என்று சொல்லி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி பனி மூடிக்கொண்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனி ஈரம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் போவதாக இருந்தால்...

சென்னையிலிருந்து போடிக்கு ரயில் இருக்கிறது. இதுவும் ஒரு காலத்தில் பேய் ஸ்டேஷன்தான்! 1928-ல் வந்த எங்கள் ரயிலை, அகலப்பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-ல்தான் திரும்பி வந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழையைப் பார்த்துக் கிளம்புங்கள். பாறை உருளும். இருட்டுவதற்குள் போடிமெட்டு இறங்கிவிடுங்கள். ஒரு நாளில் ஒரு இடம் போதும். ஆறு இடம் பார்ப்பது டூர் அல்ல, ஆடிட்! நடந்து ஏற ஆசை என்றால் வனத்துறை அனுமதியும் அவர்கள் தரும் வழிகாட்டியும் இல்லாமல் ஓரடி வைக்காதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த புல். அந்தப் பக்கமே நினைக்காதீர்கள். கூட்டிப் போகிறேன் என்கிறவரிடம் "பெர்மிட்டைக் காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மானேஜர் நம்மிடம் எத்தனை காகிதம் கேட்கிறார்!

ராத்திரி வீடு திரும்பியதும் மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"என்ன மாப்ளே, சேலத்துல பேய் பார்த்தீங்களா?"

"எங்க மச்சான்! கார் நிறுத்த இடம் தேடியே மூணு மணி நேரம் போச்சு. வண்டியை விட்டு இறங்கவே இல்ல, திரும்பி வந்துட்டோம். நீங்க?"

"நாங்க பார்த்தோம்" என்றேன்.