பம்பில் எடுத்தாலும் அது தாய்ப்பால்தான்

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் நம் வீட்டுச் சொல் ஒன்று மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. அது பாலாடை. ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். சில ஊர்களில் சங்கு என்பார்கள். மார்பைப் பிடித்து உறிஞ்சத் தெம்பில்லாத பச்சைக் குழந்தைக்கு, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை அதில் ஊற்றி, கீழுதட்டில் மூக்கை வைத்து, விழுங்க விழுங்கச் சாய்த்துக் கொடுப்பார்கள். பாட்டிகள் கையாண்ட அந்தக் கிண்ணம்தான் இன்று மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. குழந்தை மார்பில் குடிக்காமலே, அம்மாவின் பாலை எடுத்துக் கொடுத்து மட்டுமே மாதக் கணக்கில் வளர்க்கும் பெண்கள் இன்று நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "புள்ள நெஞ்சுல குடிக்கலையா?" என்பதுதான். கேள்வியில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எழுந்து பால் எடுத்தவள் அதைக் கேட்டதும் ஏதோ குறை வைத்துவிட்டவள் போலத் தலை குனிகிறாள். அவள் கொடுப்பது தாய்ப்பால். அவள் செய்வது பாலூட்டல். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இந்த வழிக்கு வருகிறவர்கள் பல காரணங்களால் வருகிறார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறன் குழந்தைக்குக் கருவின் 34-ஆவது வார வாக்கில்தான் கூடிவருகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் குழாய் வழியாகவோ பாலாடையிலோதான் பால் போகும். அண்ணப் பிளவு உள்ள குழந்தையால் மார்பில் அழுத்தம் கொடுத்து உறிஞ்ச முடியாது. இரட்டைக் குழந்தைகள், தாய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல், வேலைக்குத் திரும்ப வேண்டிய நெருக்கடி என்றும் காரணங்கள் உண்டு. வாரக் கணக்கில் முயன்றும் குழந்தை மார்பைப் பிடிக்கவே இல்லை என்று அழுது ஓய்ந்தவர்களும் உண்டு. எந்தக் காரணமாக இருந்தாலும், அதைப் பிறருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய கடமை தாய்க்கு இல்லை.

உடம்பு இதை எப்படி எடுத்துக்கொள்கிறது? பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அதுவரை அடங்கியிருந்த புரோலாக்டின் வேலையைத் தொடங்க, இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் பால் பெருகுகிறது. இந்த முதல் பெருக்கு, குழந்தை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆற்று மணலில் தோண்டிய ஊற்றின் கதைதான். இறைத்தால் ஊறும், இறைக்காமல் விட்டால் தூர்ந்துபோகும். மார்பில் தேங்கி நிற்கும் பாலே, போதும் குறைத்துக்கொள் என்று உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. இறைப்பது குழந்தையின் வாயா, கையா, மின்சார பம்பா என்பது இந்தக் கணக்கில் பெரிய விஷயமல்ல. எத்தனை முறை, எவ்வளவு நன்றாக வெளியேறுகிறது என்பதுதான் முக்கியம். பால் சுரக்க என்று பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் செய்து தரும் கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பிரசவித்தவளுக்கு வயிறாரச் சாப்பாடு வேண்டும். ஆனால் பால் எடுக்க வேண்டிய வேளையைத் தவறவிட்டால், அந்த இடத்தை எந்தப் பூண்டும் நிரப்பாது.

அதனால்தான் முதல் இரண்டு வாரங்களுக்கு அவ்வளவு எடை. குழந்தையைத் தனியே கொண்டுபோய்விட்டார்கள் என்றால், முடிந்தால் முதல் மணி நேரத்திலேயே, தாமதமானாலும் ஆறு மணி நேரத்துக்குள், பால் எடுக்கத் தொடங்க வேண்டும். முதல் நாளில் பம்பை விடக் கையே நல்லது. சீம்பால் கெட்டியானது, கொஞ்சமே வரும். இயந்திரத்தின் குழாயில் ஒட்டியே வீணாகிவிடும். கட்டைவிரலும் மற்ற விரல்களும் கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் தேய்த்து இழுக்கக் கூடாது. வருவது சில சொட்டுகளாக இருக்கலாம். முதல் நாளில் நிறைமாதக் குழந்தைக்கே ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிலிட்டர் வரைதான் தேவை. ஸ்பூனின் அடியில் கிடக்கும் மஞ்சள் துளியைப் பார்த்து "பாலே இல்லையே" என்று யாராவது சொன்னால், அந்தத் துளிதான் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து என்று பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தாய்க்குச் சொல்லத் தெம்பு இருக்காது.

அதன் பிறகு நாள் கடிகாரத்தின் கைக்குப் போய்விடுகிறது. தொடக்க வாரங்களில் 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம். இரவில் ஒரு முறையாவது கட்டாயம். புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. எட்டு முறை இருபது நிமிடம் என்றால் 160 நிமிடம். எடுத்த பாலைப் புகட்டவும் கருவியைக் கழுவவும் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் சேர்த்துக்கொண்டால், நாளுக்கு ஆறரை மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. மார்பில் குடிக்கும் குழந்தைக்குப் பாலூட்டலும் பால் இறைத்தலும் ஒரே வேலை. இங்கே அது மூன்று வேலையாகப் பிரிகிறது. "மெஷின் இருக்கே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நேரத்தைச் சுருக்க இரு பக்கமும் ஒரே சமயத்தில் எடுக்கும் இரட்டை பம்ப் உதவும். பம்ப் ஓடும்போதே கையால் மென்மையாக அமுக்கிவிட்டால் பால் கூடுதலாக வருகிறது என்று, குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2009-இல் காட்டியது. பம்பில் பலரும் கவனிக்காமல் விடுவது மார்பில் பொருத்தும் புனலின் அளவை. பெட்டியோடு வரும் புனல் எல்லோருக்கும் பொருந்தாது. காம்பு மட்டும் உரசாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கருவளையம் நிறைய உள்ளே இழுபட்டால் புனல் பெரிது, காம்பு உரசிச் சிவந்தால் சிறிது. உறிஞ்சும் வேகத்தை உச்சத்தில் வைத்தால் பால் அதிகம் வரும் என்பதும் தவறான நம்பிக்கை. பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசின் வலிக்கும் பயத்துக்கும் அடங்கிவிடும் ஹார்மோன். குழந்தையைச் சுற்றியிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டோ, அதன் படத்தைப் பார்த்துக்கொண்டோ எடுத்தால் பால் இறங்குகிறது என்று தாய்மார்கள் சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. மருத்துவர் அனுமதித்தால் குழந்தையை வெற்று மார்பில் அணைத்து வைத்திருந்துவிட்டு, உடனே பால் எடுப்பது இன்னும் நல்லது.

மின்சார பம்ப் வளர்ந்ததே பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்காகத்தான். 1920-களில் அமெரிக்காவில் மின்சார பம்ப் ஒன்றை உருவாக்கியவர் எட்வர்ட் லாஸ்கர். பொறியாளர், சதுரங்க ஆட்டத்தில் பெயர் பெற்றவர். தாயின் உடம்பைக் கவனித்து, வலி குறைவாக இழுத்து விடும் பம்பை 1950-களில் ஸ்வீடனில் அமைத்தவர் ஐனார் எக்னெல் என்ற பொறியாளர். வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய மின்சார பம்புகள் பரவலானது 1990-களில்.

பம்பில் எடுப்பவளுக்கு மட்டும் உள்ள தனித் துன்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் தன் பாலைக் கண்ணால் பார்க்கிறாள். பாட்டிலில் கோடு போட்டிருக்கிறது. காலையில் 120 வந்தது மாலையில் 60 ஆனால் மனசு கிடுகிடுத்துப் போகிறது. காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் வருவது பெரும்பாலோருக்கு இயல்பு. ஒரு வேளையைப் பார்க்காமல் ஒரு நாளின் மொத்தத்தைப் பாருங்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை முதல் மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை குடிப்பது நாளுக்குச் சராசரியாக 750 மில்லிலிட்டர் வாக்கில். குழந்தைக்குக் குழந்தை இது நிறைய மாறும். ஆனால் குழந்தை வளர வளர அளவு ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பதில்லை. நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை புட்டிப்பால் எத்தனை அவுன்ஸ் குடிக்கிறது என்பது உங்களுக்கு வேண்டாத கணக்கு.

இனிச் சேமிப்பு. இங்கே வெளிநாட்டு அட்டவணையை அப்படியே நம்பக் கூடாது. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த அறை 25 டிகிரி. மே மாத மதுரையிலோ வேலூரிலோ அப்படி ஓர் அறை கிடைக்காது. எடுத்த பாலை உடனே கொடுங்கள், இல்லையென்றால் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கலாம். கதவுப் பக்கம் வேண்டாம்; உள்ளே, பின்பக்கம். தனிக் கதவுள்ள ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரி இருந்தால் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் பனிப்பெட்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கரன்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடிப் புட்டியோ போதும். தேதி எழுதி, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து வைத்தால் வீணாகாது. உறைந்த பாலை ஃப்ரிட்ஜில் உருக விட்டு 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்; மறுபடி உறைய வைக்கக் கூடாது. பாலை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்க வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் டப்பாவை நிறுத்தினால் போதும். மேலே கொழுப்பு தனியாகப் படிந்திருப்பது கெட்டதற்கு அடையாளமல்ல, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். கொட்டும்போது வயிறு எரியும், இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

உறைய வைத்த பாலில் வைட்டமின் சி-யும் உயிருள்ள நோயெதிர்ப்பு அணுக்களும் குறையும் என்பது உண்மை. அதனால் புதிதாக எடுத்தது முதலில், ஃப்ரிட்ஜில் இருப்பது அடுத்து, உறைந்தது கடைசியில் என்ற வரிசை நல்லது.

சுத்தத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். 2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைமாதக் குழந்தை ஒன்று குரோனோபேக்டர் என்ற கிருமித் தொற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பம்பின் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக் கணக்கில் ஊறப் போட்டு, பிறகு அலசிப் பயன்படுத்தியிருந்தார்கள். கிருமி அந்தப் பம்பிலும் பாலிலும் இருந்தது. அந்தத் தாய் செய்தது எந்தத் தாயும் செய்யக்கூடியது. அதன் பிறகே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல் பம்ப் கழுவுவதற்கென்று தனி வழிமுறை வெளியிட்டது. ஊறப் போட்டு வைக்காமல், எடுத்து முடித்த கையோடு கழுவ வேண்டும். ஸிங்க்கில் போடாமல், இதற்கென்றே ஒரு பேசினும் ஒரு பிரஷ்ஷும் வைத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு முறையாவது ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். குழந்தை இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாகவோ குறைமாதமாகவோ இருந்தால் இதில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

பால் கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டி கரையும்வரை அழுத்தித் தேய்ப்பது நம் பழக்கம். தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2022-இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், வழக்கமான வேளைகளில் வழக்கமான அளவே எடுங்கள், காலியாக்கியே தீர்வேன் என்று கூடுதலாக எடுக்காதீர்கள் என்கிறது. காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் தாய்க்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. 2017 திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் சேர்த்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் விடுப்பு 12 மாதம். 2015-இல் தமிழகத்தின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஆனால் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் கதவுள்ள ஓர் அறையாகவும், ஒரு பிளக் பாயின்ட்டாகவும், இருபது நிமிடமாகவும் வந்து சேர வேண்டும். பம்பைக் கழிப்பறையில் உட்கார்ந்து ஓட்ட வைப்பது, குழந்தையின் சாப்பாட்டைக் கழிப்பறையில் சமைக்கச் சொல்வது.

தேவைக்கு மேல் பால் வந்தால் தாய்ப்பால் வங்கிக்குத் தரலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இப்போது வங்கிகள் உண்டு. கொடுப்பவரைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்திய பிறகே குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். பரிசோதனை இல்லாமல் நேரே இன்னொரு குழந்தைக்குக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வருகிறேன். பாலை எடுக்க அவளால் மட்டுமே முடியும். புகட்டுவது, கழுவுவது, கொதிக்க வைப்பது, தேதி எழுதுவது, அலாரம் அடித்ததும் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்து வைப்பது எல்லாம் அப்பாவாலும் முடியும், மாமியாராலும் முடியும். அவள் பம்போடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் குழந்தை அழுதால், அதைத் தூக்கிக்கொள்ள ஒரு கை வேண்டும். பல பெண்கள் ஆறு மாதம் தொடர்வதும் ஆறே வாரத்தில் நிறுத்துவதும் இந்தக் கையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நிறுத்தும் நாளும் வரும். ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டும். ஒரு வேளையை விட்டுவிட்டுச் சில நாள் பொறுத்து, அடுத்த வேளையை விட வேண்டும்; இடைவெளியை மெல்ல நீட்ட வேண்டும். பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் பெண்களின் பழைய வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டார்கள். மல்லிகை வைத்துக் கட்டியவர்களுக்கும் புரோலாக்டின் குறைந்து, பால் அடங்கியிருந்தது. கடைசி வேளைப் பாலை எடுத்து முடித்து, பம்பைக் கழுவி உலர்த்திப் பெட்டிக்குள் வைக்கும் நாளில் அவளுக்கு யாராவது நாலு முழம் மல்லிகை வாங்கி வந்து கொடுங்கள், தலைக்கும் சேர்த்து.