கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்குமா? பீச் சவாரி வேறு, நிஜப் பயிற்சி வேறு!

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குச் சாயங்காலம் குழந்தையோடு போனால், குதிரைச் சவாரி கேட்டு அடம்பிடிக்காமல் திரும்பி வர மாட்டார்கள். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடக்க, ஒரு ரவுண்டு, நாலு போட்டோ, முடிந்தது. 'எங்க வீட்டு ஜான்சி ராணி' என்று ஸ்டேட்டஸும் போட்டாயிற்று. உண்மையில் குதிரையை ஓட்டியவர் குதிரைக்காரர்தான். குழந்தை வெறும் பயணி!

முறையாகச் சவாரி கற்க வேண்டுமென்றால், குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது முதலில் புரிய வேண்டும். முதுகில் ஈ உட்கார்ந்தால்கூட அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் பிராணி அது. சுமார் 450 கிலோ எடை. நம் பலத்தைக் காட்டி அதை ஜெயிக்க முடியாது. காலால் விலாவில் லேசாக அழுத்துகிறோம். அது ஓர் அடி எடுத்து வைக்கிறது. அந்த நொடியே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். 'நான் செய்தது சரி' என்று குதிரைக்குப் புரிவது அழுத்தும்போது அல்ல, விடும்போதுதான். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், 'எது செய்தாலும் இது நிற்காது' என்று மரத்துப்போகும். அப்புறம் உதை, அதற்கப்புறம் சவுக்கு. 'முரட்டுக் குதிரை' என்று பெயர் வாங்கிய பல குதிரைகளின் கதை இதுதான்.

நம்மூரில் இன்னொரு விஷயமும் உண்டு. கிண்டியில் ரேஸ் தொடங்கிய ஆண்டாகச் சொல்லப்படுவது 1777. ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற குதிரைகள் சவாரிப் பள்ளிகளுக்கு வருவது நாடு முழுக்க வழக்கம். ஜாக்கி பிடிக்கும் கடிவாள வாரில் வாயை அழுத்தியபடியே வேகமாக ஓடிப் பழகியவை அவை. புதிதாக ஏறியவர் பயந்துபோய் வாரை இறுக்கிப் பிடித்தால், நமக்கு அது 'நில்'. ரேஸ் குதிரைக்கு 'ஓடு'! மெதுவாக நடக்க, அசையாமல் நிற்க, வட்டத்தில் திரும்ப என்று எல்லாவற்றையும் அது மாதக்கணக்கில் புதிதாகப் படிக்க வேண்டும். எனவே, வகுப்பில் சேர்க்கும் முன் தயங்காமல் கேளுங்கள்: "இது ரேஸில் ஓடின குதிரையா? அதுக்கப்புறம் எவ்வளவு நாள் பழக்கினீங்க?"

முதல் சில வகுப்புகளில் குழந்தையின் கையில் கடிவாளமே தராத பயிற்சியாளர் கிடைத்தால், அதிர்ஷ்டம். நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்றி வரவிட்டு, கைகளை விரித்தபடி உட்காரப் பழக்குவார்கள். பேலன்ஸ் இல்லாதவர் விழாமலிருக்க வாரைத்தான் பிடித்துத் தொங்குவார். அந்த வாரின் மறுமுனையில் இருப்பது குதிரையின் வாய்க்குள் கிடக்கும் இரும்பு. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். சொல்வது சுலபம், குதிரை துள்ளு நடை போட ஆரம்பித்தால் எல்லாம் குலுங்கிவிடும்.

இதன் உச்சம்தான் டிரஸாஜ் போட்டி. சவாரி செய்பவர் சும்மா உட்கார்ந்திருப்பது போலவே தெரியும், குதிரை மட்டும் நடனமாடும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி இதில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. பெங்களூரின் ஃபவாத் மிர்ஸா 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியதும், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடம் பிடித்ததும் ஒரே குதிரையோடு. அதன் பெயர் செனியோர் மெடிகாட்.

தாடைப் பட்டையுள்ள ஹெல்மெட், சின்ன ஹீல் வைத்த ஷூ இரண்டும் கட்டாயம். ஹீல் இல்லையென்றால் கால் அங்கவடிக்குள் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். குதிரையின் நேர் பின்னால் போகவே கூடாது. அங்கே அதற்குக் கண் தெரியாது.

சேரும் முன், ஒரு வகுப்பு முடியும்வரை ஓரமாக நின்று பாருங்கள். இறங்கியதும் குதிரையைப் பத்து நிமிடம் மெதுவாக நடத்தி, தண்ணீர் காட்டி, குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களா? போட்டோ எடுத்துக் கொடுத்து வழியனுப்பும் இடமென்றால், ஃபீஸ் கட்டும் முன் இன்னோர் இடத்தையும் போய்ப் பார்த்துவிடுங்கள்.