சூட்டில்தான் வட்டமாகும்

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் என்ஜினைக் கழற்றி இறக்கினால் என்ஜின் ஒரு பக்கம், அதே அளவுக்குத் தகரம் ஒரு பக்கம் என்று குவிந்துவிடும். விசிறியை மூடும் பெரிய கூடு, சிலிண்டர்கள்மேல் கவிழும் மூடிகள், அடியில் செருகும் சின்னச் சின்ன மடிப்புத் தகடுகள், எல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்தவை. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் அந்தக் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கேட்டான்: “இதெல்லாம் மாட்டாம விட்டா என்ஜினுக்கு இன்னும் நல்லாக் காத்துப் படும் இல்லீங்கம்மா?”

நியாயமான கேள்விதான். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, காற்றை நம்பியே ஓடும் என்ஜின் இது. காற்றுக்குக் குறுக்கே தகரத்தை நிறுத்துவானேன்? ஆனால் அந்தத் தகரங்களைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ஜின் சீக்கிரமே சூடேறி சீஸ் ஆகிவிடும்.

புல்லட்டிலும் மொபெட்டிலும் சிலிண்டரைச் சுற்றிச் செதில் செதிலாக இருக்கும் தகடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அவற்றில் நேராக மோதுகிறது, அது போதும். பீட்டிலின் என்ஜின் இருப்பது காரின் பின்னால், மூடிய பெட்டிக்குள். எதிர்க்காற்று அங்கே எட்டிப்பார்க்காது. காற்றை உள்ளே இழுத்துத் தள்ள விசிறி வேண்டும். நம்மூர் ஆட்டோவிலும் பழைய ஸ்கூட்டர்களிலும் இதே ஏற்பாடுதான்.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது எடுத்துச் செல்லும் வெப்பத்தைக் காற்று எடுத்துச் செல்ல வேண்டுமானால், சுமார் 3500 லிட்டர் காற்று தேவைப்படும். பீட்டில் விசிறி, என்ஜின் வேகமாகச் சுற்றும்போது நொடிக்குச் சுமார் 500 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது. மகன் பாட நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். நொடிக்கு அரை கன மீட்டர் என்றால் 0.6 கிலோ காற்று. அது உள்ளே போனதைவிட 50 டிகிரி சூடாக வெளியே வந்தால், எடுத்துச் செல்லும் வெப்பம் 30 கிலோவாட். குளியலறை கீசர்கள் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்டால் வரும் சூடு அது. 50 குதிரைத்திறனுக்குச் சற்று முன்பின் தரும் என்ஜின், அதாவது சக்கரத்துக்கு 37 கிலோவாட் தரும் என்ஜின், கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தைத் தன் உடம்பிலிருந்தும் தள்ளிக்கொண்டிருக்கிறது. புகைக்குழாய் வழியாகப் போவது தனிக் கணக்கு.

அந்த 500 லிட்டரையும் வேலை வாங்கத்தான் தகரம். காற்று சோம்பேறி, சுலபமான வழி கிடைத்தால் அதிலேயே போய்விடும். மூடி இல்லாவிட்டால் செதில்களுக்குள் நுழையாமல் மேலோடு சிதறும். மேல்மூடி இருந்து அடித்தகடு இல்லாவிட்டால், சிலிண்டரின் மேல்பாதியைத் தொட்டுவிட்டு நேராகக் கீழே இறங்கிவிடும், அடிப்பாதி வெந்துகொண்டிருக்கும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே அடியில் செருகும் உள்ளங்கை அளவுத் தகடு, காற்றைச் சிலிண்டரின் வயிற்றைச் சுற்றி வளைத்து அனுப்புகிறது. என்ஜினை எடுத்துக் கட்டும் அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மற்ற தகடுகளும் ஓரத்து ரப்பர் பட்டையும் சேர்ந்து, கீழே போன சூட்டுக்காற்று மறுபடி மேலேறி விசிறிக்குள் போகாமல் தடுக்கின்றன.

இன்னொரு ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் மதிப்பும் சேர்ந்தே வரும். விசிறியும் ஜெனரேட்டரும் ஒரே அச்சில் இருக்கின்றன, இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் ஜெனரேட்டர் நிற்கும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று சொல்லும் அந்த விளக்குதான் இந்தக் காரில் ‘உடனே நிறுத்து, குளிர்காற்றும் நின்றுவிட்டது’ என்றும் சொல்கிறது. தனி மீட்டர், தனி வயர் எதுவும் கிடையாது.

இப்படி எதையும் மிச்சம் பிடிக்கும் புத்தி 1930-களின் ஜெர்மனியில் பிறந்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழு சாதாரணக் குடும்பத்துக்கான மலிவுக் கார் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கார் நிறுத்தக் கூரையடி கிடையாது. பனிக்காலத்தில் வாசலில் நிற்கும் காரில் தண்ணீர் உறைந்தால் என்ஜின் பிளந்துவிடும். தண்ணீரே இல்லாவிட்டால் உறைவதற்கு எதுவும் இல்லை. 985 சிசியில் தொடங்கிய அந்த என்ஜின், அடிப்படை மாறாமல் 1584 சிசி வரை வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் இந்தக் காரின் தொழிற்சாலையை மறுபடி ஓட வைத்தார். கடைசி பீட்டில் மெக்சிகோவின் புவெப்லாவில் 2003 ஜூலை 30 அன்று வெளிவந்தது. அதுவரை தயாரானவை மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். ஜான் மியூர் என்ற அமெரிக்கர் 1969-இல், மெக்கானிக் வேலையே தெரியாதவர்களுக்காக இந்தக் காரைப் பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்றைப் படங்களோடு வெளியிட்டார். வீட்டு வாசலில் என்ஜினைப் பிரித்துப்போடும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் வீட்டில் இருப்பது மாமனார் வைத்துவிட்டுப் போன கார். 1967 மாடல். உள்ளே இருப்பது பின்னாளில் மாற்றிய 1584 சிசி என்ஜின், விசிறிக் கூடு மட்டும் பழசு. கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நான் பம்ப் கம்பெனியில் தரச் சோதனையில் இருப்பவள், மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் கைக்குப் பழகியவை. ஆகவே அளப்பது என் வேலை, கழற்றுவது அவன் வேலை என்றுதான் முதலில் பிரித்துக்கொண்டோம். பிஸ்டன் வெளியே வந்ததும் அந்தப் பங்கீடு கலைந்தது.

புதுப் பிஸ்டனைக் கையில் வாங்கிய மகன், பழகிப் பார்ப்பதற்காக மைக்ரோமீட்டரில் அளந்தான். பிஸ்டனைக் கோக்கும் ‘பின்’ (pin) போகும் திசையில் ஒரு அளவு, அதற்குக் குறுக்கே வேறு அளவு. அடிப்பக்கம் ஒன்று, மேலே ஏற ஏற இன்னும் குறைவு. “அம்மா, இது வட்டமாவே இல்லீங்க. ஏமாத்திட்டாங்க.”

யாரும் ஏமாற்றவில்லை. கணக்கைப் பாருங்கள். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியக் கலவை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதோடு பிஸ்டனின் தலை நேரடியாக நெருப்பைப் பார்க்கிறது, சிலிண்டருக்கோ வெளியே காற்று வீசுகிறது. 85.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் தலை 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.35 மி.மீ. விரியும். சிலிண்டர் அந்த நேரத்தில் சுமார் 0.1 மி.மீ. மட்டுமே விரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடம் வேண்டும். ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடச் சொல்லும் இடைவெளியோ வெறும் 0.04 முதல் 0.06 மி.மீ.! மகன் ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை எடுத்துவந்து, இந்த என்ஜின் ஓடவே முடியாது என்று நிரூபித்துவிட்டான்.

ஓடுவதற்கு வழி அந்தக் கோணல் வடிவத்தில்தான் இருக்கிறது. அந்த இடைவெளி பிஸ்டனின் அடிப்பாவாடையில், அதுவும் பின்னுக்குக் குறுக்கான திசையில் எடுக்கும் அளவு. நெருப்புக்கு எட்டத்தில் இருப்பதால் அந்த இடம் அவ்வளவு சூடேறாது. தலை அதிகம் விரியும், ஆகவே தலையைச் சிறுக்க வைத்திருக்கிறார்கள். பின் செருகும் பக்கங்களில் உலோகம் கனம், சூட்டில் அந்தத் திசையில் கூடுதலாக நீளும், ஆகவே அங்கே முன்கூட்டியே குறைத்துக் கடைந்திருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது முட்டையாகவும் கூம்பாகவும் இருக்கும் பொருள், ஓடும் சூட்டில் ஏறக்குறைய நேரான உருளையாகிறது. மேசைமேல் இருக்கும்போது பிஸ்டனின் உண்மையான வடிவம் யார் கண்ணுக்கும் படாது. அந்த வடிவம் இருப்பது எரியும் என்ஜினுக்குள் மட்டும்தான், அதைப் பார்க்க வழியில்லை. தொழிற்சாலையில் அந்தக் காணாத வடிவத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டு இந்தக் கோணலைக் கடைந்தெடுக்கிறார்கள்.

இது பிடிபட்ட பிறகு என்ஜினின் மற்ற விசித்திரங்களும் ஒவ்வொன்றாக விளங்கின. சிலிண்டரையும் ஹெட்டையும் கிராங்க்கேஸோடு சேர்த்துப் பிடிப்பவை நீளமான எஃகு ஸ்டட்கள். கேஸ் மெக்னீசியக் கலவை, எடை மிகக் குறைவு, மரையோ மென்மை. என்ஜின் சூடேறியதும் அலுமினிய ஹெட் தடித்து ஸ்டட்களை இழுக்கிறது. பழைய 10 மி.மீ. ஸ்டட்கள் அந்த இழுப்பில் கேஸின் மரையையே பிய்த்துக்கொண்டு வந்தன. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஸ்டட்டை 8 மி.மீ.க்கு மெலிதாக்கியது. மெல்லிய ஸ்டட் சூட்டில் ரப்பர்போலக் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், மரையின்மேல் பாரம் அதிகம் ஏறாது. கூடவே கேஸில் எஃகு மரைக்குழல் ஒன்றையும் பதித்தார்கள். எங்கள் கேஸில் தடித்த ஸ்டட்தான். எஃகு குழல் வைக்க லேத்துக்கும், பேரிங் உட்காரும் குழிகளை லைன் போர் போடவும் கொடுத்தோம். மெக்னீசியம் வருடக்கணக்கில் வெந்து அந்தக் குழிகள் கொஞ்சம் நசுங்கியிருந்தன.

கிராங்க் முன்னும் பின்னும் அசைய விடும் இடம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை. தலைமுடியின் கனத்துக்கு அங்கே இங்கே. ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஷிம் எனும் மெல்லிய வளையத் தகடுகள் மூன்றைப் போட்டு இதைக் கொண்டுவர வேண்டும். முதலில் இரண்டை மட்டும் போட்டு, ஃப்ளைவீலை இறுக்கி, டயல் கேஜை ஊன்றிக் கிராங்கை இழுத்துத் தள்ளினோம். முள் 0.44 காட்டியது. நடுவாக 0.10 விட வேண்டுமென்றால் மூன்றாவது ஷிம் 0.34. டப்பாவில் அந்த அளவு இருந்தது. எளிய கழித்தல்தான், ஆனால் விடையை விரலில் பிடித்து எண்ணெய் தடவி உள்ளே போட்டபோது பையன் முகத்தில் இருந்த திருப்தியை எந்தத் தேர்வு மார்க்கிலும் நான் பார்த்ததில்லை.

டேப்பெட்டிலும் இதே விளையாட்டு. வால்வு முழுவதும் மூடினால்தான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தும், இல்லாவிட்டால் கருகிவிடும். அதனால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, 0.15 மி.மீ. இடைவெளி வைக்கிறோம். என்ஜின் சூடேறினால் சிலிண்டரும் ஹெட்டும் வளர்ந்து ராக்கரைக் கேம்ஷாஃப்ட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகும், இடைவெளி அகலும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் நடுவில் இருக்கும் புஷ்ராடை அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள், அதுவும் கூடவே நீளும். ரேஸ் ஓட்டுபவர்கள் வலுவுக்காக எஃகு புஷ்ராட் போடுவார்கள். அது அவ்வளவு நீளாது என்பதால், ஆறிய என்ஜினில் இடைவெளியே இல்லாமல் வைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் சூட்டுக்கணக்கோடு செய்தவர்கள் ஓர் இடத்தில் மட்டும் சமாளித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பழைய விசிறிக் கூட்டில் ஆயில் கூலர் உள்ளேயே நிற்கிறது. அதைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகி, பாதையும் அடைபட்டு, நேர்கீழே இருக்கும் மூன்றாம் நம்பர் சிலிண்டருக்குப் போகிறது. அந்த ஒன்று மற்ற மூன்றையும்விடச் சூடாக ஓடும். இதற்காகச் சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி கேமைக் கடைந்தார்கள். நான்கு பேருக்குச் சமமாகப் பரிமாறாமல் ஒருவருக்கு மட்டும் குறைத்து வைத்த மாதிரி. 1971 மாடலில்தான் கூலரைக் கூட்டுக்கு வெளியே தள்ளித் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். எங்களுக்கும் புதுக் கூடு வாங்கும் எண்ணம் இருக்கிறது, விலைதான் யோசிக்க வைக்கிறது.

புதுக் கேம்ஷாஃப்ட் போட்ட என்ஜினை முதன்முதலில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடக்கூடாது, சுமார் 20 நிமிடம் 2000 சுற்றுக்குப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். கேமுக்கு எண்ணெய் தெறித்துத்தான் கிடைக்கும், மெதுவாகச் சுற்றினால் தெறிக்காது. கேட்டைத் தாண்டி எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். மகன் ஆக்ஸிலரேட்டரையும் நான் ஆயில் விளக்கையும் பார்த்துக்கொண்டோம்.

மிச்சம் இருப்பது ஒரு தகராறு. சிலிண்டருக்கு அடியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு பித்தளைத் துருத்தி உண்டு. 65 முதல் 70 டிகிரியில் அது உப்பி, கம்பி வழியாக விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் மடல்களைத் திறக்கும், அதுவரை குளிர்காற்று குறைவாகவே போகும். துருத்தி ஓட்டையாகிவிட்டாலும் பயமில்லை, தானே உப்பி மடல்களைத் திறந்தே வைத்துவிடும். பட்டறை டர்னர் அண்ணன், “நம்மூர் வெயிலுக்கு இது எதுக்குங்க, கழட்டி வீசுங்க” என்கிறார். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மகன் ஒப்பவில்லை. என்ஜின் சீக்கிரம் சூடாகாவிட்டால் பிஸ்டன் முட்டையாகவே கொஞ்ச தூரம் ஓடும், எண்ணெயில் சேரும் ஈரமும் ஆவியாகாது, மே மாதக் காலை என்றாலும் ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் குளிர்ந்த என்ஜின்தான் என்பது அவன் வாதம். துருத்தியை வெந்நீரில் போட்டு, வெப்பமானியும் ஸ்கேலுமாக உட்கார்ந்து, எத்தனை டிகிரியில் எவ்வளவு நீள்கிறது என்று வரைபடம் போட்டுவிட்டான். அதை டர்னர் அண்ணனிடம் காட்டினான். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “சரி, மாட்டுங்க. ஆனா ஆயில் சூட்டை நானும் ஒருக்கா பாப்பேன்” என்றார். இப்போதைக்கு மாட்டியிருக்கிறோம்.