டெம்பர்டா, ஹைட்ரோஜெல்லா, யுவி கிளாஸா? ஃபோனுக்கு ஃபிலிம் ஒட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“டெம்பர்டு போட்டுடலாமா சார்?”

புது ஃபோன் பெட்டியைப் பிரித்த அடுத்த நிமிடமே கடையில் வரும் கேள்வி இது. பலரும் யோசிக்காமல் தலையாட்டிவிடுவார்கள். இஎம்ஐ முழுசாக பாக்கி இருக்கிற ஃபோனை சில நூறு ரூபாய் கண்ணாடி காப்பாற்றினால் நல்லதுதானே? ஆனால் எதை ஒட்டுகிறோம், எந்தப் பசையால் ஒட்டுகிறோம் என்பதைக் கவனிக்காவிட்டால், காப்பாற்ற வந்த ஃபிலிமே ஸ்பீக்கரை அடைத்துவிடலாம். ஒருமுறை, கைரேகைப் பூட்டையே அது திறந்துவிட்டிருக்கிறது.

என்னென்ன வகைகள்?

கடைகளில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

*பெட் ஃபிலிம்:* மெல்லிய பிளாஸ்டிக். விலை குறைவு. சின்னக் கீறல்களைத் தடுக்கும், அவ்வளவுதான். பல ஃபோன்களில் நிறுவனமே ஒட்டி அனுப்புவது இந்த மாதிரி ஃபிலிம்தான்.

*ஹைட்ரோஜெல்:* பெயர் புதுசாக இருந்தாலும், பெரும்பாலும் இது டிபியு எனப்படும் பாலியூரிதேன் ஃபிலிம். ரப்பர் போல வளையும் என்பதால் ஓரம் வளைந்த டிஸ்ப்ளேவிலும் படியும். லேசான கோடு விழுந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறையும். பாலியூரிதேன் ஃபிலிமுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. மணலும் தூசியும் அரித்துவிடாமல் இருக்க அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் இறக்கைகளில் ஒட்டப்பட்ட பொருள் இது. பிறகு கார் பெயின்ட்டுக்கு வந்து, அங்கிருந்து ஃபோனுக்கு வந்தது.

*டெம்பர்டு கிளாஸ்:* நிஜமான கண்ணாடி. திரை மீது நேராக விழும் அடியைத் தான் வாங்கிக்கொண்டு உடையும். ஆனால் ஃபோன் மூலை குத்தி விழுந்தால் இதனால் பெரிய பலன் இல்லை. அதற்கு ஓரம் தூக்கிய கேஸ்தான் வேண்டும்.

*வினைல் ஸ்கின்:* ஃபோனின் பின்பக்கத்துக்கும் லேப்டாப் மூடிக்கும் ஒட்டுவது. இதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கால்வாய்கள் இருக்கும். தேய்க்கும்போது காற்று அவற்றின் வழியே வெளியேறுவதால்தான் நல்ல ஸ்கின்னில் பபிள் நிற்பதில்லை. கீறலுக்கு இது போதும். கீழே போட்டால் காப்பாற்றாது.

‘9எச்’ என்றால் வைரமா?

டெம்பர்டு கிளாஸ் அட்டையில் கொட்டை எழுத்தில் ‘9எச்’ என்று இருக்கும். வைரத்துக்கு அடுத்த கடினம் போல என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு கணக்கு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. ஆனால் 9எச் என்பது பென்சில் டெஸ்ட். 45 டிகிரி சாய்வில் பென்சிலை அழுத்தி இழுப்பார்கள். 9எச் பென்சிலாலும் கோடு விழாவிட்டால் அந்தப் பெயர் கிடைக்கும். ஜன்னல் கண்ணாடியிலும்தான் பென்சிலால் கீறல் போட முடியாது!

மோஸ் அளவில் ஃபோன் கண்ணாடிகள் சுமார் 6-ல் கீறல் விழத் தொடங்கும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. அதனால்தான் சாவி செய்யாத வேலையை, பீச்சுக்குப் போய்விட்டு வந்த பாக்கெட்டில் தங்கிய மணல் செய்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஏதாவது ஒரு ஃபிலிம் இருப்பது நல்லது.

சிக்கல் பசையில் இருக்கிறது

வளைந்த டிஸ்ப்ளே ஃபோன்களுக்குக் கடைகளில் ‘யுவி கிளாஸ்’ பரிந்துரைப்பார்கள். திரை மீது திரவப் பசையை ஊற்றி, மேலே கண்ணாடியை வைத்து, புற ஊதா விளக்கில் காட்டி இறுக வைக்கும் முறை இது. இடையில் காற்றே இருக்காது என்பதால் டச்சும் பளிச்சும் அருமையாக இருக்கும்.

ஆனால் திரவம் சொன்ன பேச்சு கேட்காது. இயர்பீஸ், பட்டன் இடுக்கு, சார்ஜிங் போர்ட் என்று கிடைத்த ஓட்டையில் எல்லாம் இறங்கும். உள்ளே போய் இறுகிவிட்டால் கால் சத்தம் மங்கும், பட்டன் மாட்டிக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் பசையைப் பார்த்துவிட்டால், வாரன்டி பேச்சு அத்தோடு முடிந்தது என்ற நிலையும் வரலாம். யுவி கிளாஸ்தான் வேண்டும் என்றால், பசை ஊற்றும் முன் எல்லா ஓட்டைகளையும் டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். “அதெல்லாம் வேணாம் சார், பார்த்துக்கலாம்” என்றால் கடையை மாற்றுவதே நல்லது.

யார் விரல் வைத்தாலும் திறந்த ஃபோன்

2019 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எஸ்10 ஃபோனில் ஒரு விபரீதம் வெளியே வந்தது. சில சிலிகான் கவர்களை மாட்டினால், பதிவு செய்யாத விரலுக்கும் பூட்டு திறந்தது. அந்த ஃபோனின் சென்சார் மீயொலி அலைகளால் ரேகையைப் படிக்கும். கவரின் உள்பக்கம் இருந்த புள்ளிப் புள்ளியான வடிவத்தையும் அது ரேகை என்று எடுத்துக்கொண்டதுதான் பிரச்சினை. தென் கொரியாவின் காக்காவ் பேங்க், கைரேகை வசதியை ஆஃப் செய்யும்படி வாடிக்கையாளர்களிடம் சொன்னது. அதே மாதம் சாம்சங் சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்து இதைச் சரிசெய்தது.

ஓட்டை அடைக்கப்பட்டாலும் பாடம் அப்படியே இருக்கிறது. புது ஃபிலிம் ஒட்டியதும் பழைய ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். பிறகு பதிவு செய்யாத விரலையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். யுபிஐ, பேங்க் ஆப் எல்லாம் அந்த ஒரு பூட்டுக்குப் பின்னால்தானே இருக்கின்றன?

வீட்டிலேயே ஒட்டலாமா?

தாராளமாக. எதிரி ஒன்றே ஒன்றுதான்: தூசி.

1. ஃபேனை ஆஃப் செய்யுங்கள். சுடுதண்ணீர் திறந்துவிட்டு மூடிய பாத்ரூம் நல்ல இடம். ஈரத்தில் தூசி கீழே படிந்துவிடும்.

2. ஆல்கஹால் துடைப்பானால் திரையைத் துடைத்து, மைக்ரோஃபைபர் துணியால் உலர வையுங்கள். மிச்சத் தூசியை ஸ்டிக்கரால் ஒற்றி எடுங்கள்.

3. ஃபிலிமை உரிக்கும் முன்பே திரையில் சரியாக வைத்து, ஒரு பக்கம் மட்டும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். இனி அது புத்தக அட்டை மாதிரி திறந்து மூடும். உரித்த பிறகும் இடம் மாறாது.

4. நடுவில் இருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளுங்கள். பழைய ஏடிஎம் கார்டில் துணி சுற்றினால் போதும்.

5. டிபியு ஃபிலிமில் பொடிப் பொடி பபிள்கள் ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். உள்ளே தூசி இருக்கிற பபிள் மட்டும் போகாது.

6. வினைல் ஸ்கின்னில் மூலைகளுக்கு ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி அழுத்துங்கள். கழற்றும்போதும் அதே சூடுதான். ஒரே இழுப்பாக இழுக்காமல் மெதுவாகச் சாய்த்து உரியுங்கள்.

இதை மட்டும் உரிக்காதீர்கள்

மடிக்கும் ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சனத்துக்கு வாங்கியவர்களில் சிலர், திரையின் மேலிருந்ததைச் சாதாரண ஃபிலிம் என்று நினைத்து உரித்தார்கள். திரை செத்துப்போனது. அது டிஸ்ப்ளேயின் ஒரு பகுதி. விமர்சகர்களின் ஃபோன்களில் இப்படிப் பல பழுதுகள் வந்ததால் வெளியீட்டையே சாம்சங் செப்டம்பருக்குத் தள்ளியது. உள்திரை ஃபிலிம் லேசாகத் தூக்கினாலும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த முறை “டெம்பர்டு போட்டுடலாமா?” என்று கேட்டால், தலையாட்டும் முன் மூன்று கேள்வி திருப்பிக் கேளுங்கள்: என்ன பசை? வாரன்டி பாதிக்குமா? என் கைரேகை சென்சாருக்கு ஒத்துவருமா? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் ஃபோனை நம்பிக் கொடுக்கலாம். கொடுக்கும்போது பூட்டியே கொடுங்கள். ஃபிலிம் ஒட்ட பாஸ்வேர்டு தேவையில்லை.